அறுபத்தொரு சதவீதம்

எங்கள் மேட்டுத்தெருவில் இறந்துபோனவர்கள் திரும்பி வரத் தொடங்கியது அக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்கு, வரிசை எண்படி. முதலில் வந்தவர் அகுஸ்தீன் பர்னாந்து, எண் ஒன்று. மூத்த மகன் வீட்டு வாசலில் எப்போதும்போல் செருப்பைச் சுவரோரம் நேராகக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாராம். மருமகள் அவரைப் பார்த்து, "ரெகுலேட்டர மாத்தியாச்சி மாமா, இப்ப ரெண்டுல வெச்சாலே வேகமாச் சுத்தும்" என்றாளாம்.

அதே நேரத்தில் என் வீட்டு மேசை மேல் கிடந்த லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒரு சதவீதம் என்று வந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த லேப்டாப் என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் எங்கிருந்தோ பழசாக வாங்கிவந்தது. அதில்தான் நான் பங்குக் கோயிலுக்கு வேண்டியதையெல்லாம் டைப் செய்துகொடுப்பேன், ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, திருவிழா நோட்டீஸ், எல்லாம். பேட்டரி செத்துப் பல நாளாயிற்று, சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். அடிக்கடி திரை இருட்டிக்கொண்டே போனது. பயாஸை, லேப்டாப்பை எழுப்பிவிடுகிற உள் நிரலை, புதுப்பித்தால் சரியாகும் என்று அதுவே ஒரு நாள் சொன்னது, நான் சரி என்று அழுத்தினேன், பாதியில் சுவரிலிருந்து பிளக் நழுவிவிட்டது, அத்தோடு லேப்டாப் எழும்பவில்லை. ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவர் ரெமிஜியுஸ், எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் மட்டும் கல்யாணமான நாளிலிருந்தே லூஸ். போன் சார்ஜ் போட வேண்டுமென்றால் கட்டைவிரலால் பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருப்பார், நான் பார்க்கிற பார்வைக்கு, "நாளைக்கு மாத்திடுதேன்" என்பார். போன வருடத் திருவிழாவுக்குக் கோயில் கோபுரத்தில் சீரியல் லைட் கட்ட ஏறினார், உயிரோடு இறங்கவில்லை. மாற்றவேயில்லை.

பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஜெரோம் அண்ணன் ஒரு தாளில் ஏழு வரி எழுதிக்கொடுத்தார். அவர் கடை கம்ப்யூட்டரில் ஃபைலை இறக்கி, பெயரை மாற்றி, பென்டிரைவில் போட வேண்டும். லேப்டாப்பில் செருகி, இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தபடி பவரை அழுத்த வேண்டும். நூறு வரும்வரை கரண்ட் போகக்கூடாது, பென்டிரைவை உருவக்கூடாது. மூன்றாவது வரியில் கோடு போட்டிருந்தார்: பென்டிரைவை முதலில் ஃபார்மட் செய்து காலியாக்கவும்.

நான் கான்வென்டில் படித்தவள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனால் சிஸ்டர் பெனடிக்டா வெளியே நிறுத்திவிடுவார், செய்முறைத் தாளைக் கண்ணால் ஒரு தடவையும் விரலால் ஒரு தடவையும் படிக்கச் சொல்வார். இன்றும் அந்த லேப்டாப் முன்னால் நான் செருப்போடு உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்ட நான் மூன்றாவது வரியை மட்டும் செய்யவில்லை.

ஏனென்றால் அந்த பென்டிரைவில்தான் கல்லறைத் திருநாள் பட்டியல் இருந்தது. நவம்பர் இரண்டாம் தேதிப் பூசையில் வாசிப்பதற்காக வீட்டுக்கு வீடு சீட்டு எழுதிக் கோயில் பெட்டியில் போடுவார்கள், இறந்தவர் பெயர், இறந்த தேதி, அவருக்காகப் பூசையை ஒப்புக்கொடுப்பவர் பெயர். அந்த வருடம் அறுபத்தொரு சீட்டு வந்திருந்தது. அகர வரிசையில் டைப் செய்து முடித்திருந்தேன். லேப்டாப் செத்துவிட்டதால் பட்டியலுக்கு வேறு பிரதி கிடையாது. அறுபத்தொரு ஆத்துமாக்களின் பெயரை ஒரு பட்டன் அழுத்தி அழிக்க எனக்குக் கை வரவில்லை. பயாஸ் ஃபைலை அதன் பக்கத்திலேயே போட்டு, சுவர் பிளக்குக்கு ஞானப்பாட்டுப் புத்தகத்தை முட்டுக்கொடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு பவரை அழுத்தினேன்.

அரை மணிக்கு ஒரு எண் ஏறியது. எண்ணுக்கு ஒருவர் வந்தார்.

நான்காவது ஆள் வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது, பட்டியல் எனக்கு மனப்பாடம். மத்தியானத்துக்குள் தெருவுக்கும் புரிந்துவிட்டது. ஸ்டேஷனில் ரயில் எப்போது என்று கேட்பதுபோல் என் வாசலில் வந்து கேட்டார்கள். "எங்க அப்பா எத்தனாவது செலின்?" "இருபத்தொன்பது, ராத்திரி பதினொண்ணே முக்கால் ஆகும்." "அந்நேரத்துக்கு நாய் வேற கொலைக்குமே, தெருமுனையில போய் நின்னு கூட்டிட்டு வந்துருதேன்." மெத்தையை வெயிலில் போட்டார்கள், சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள், வாடகைக்கு விட்டிருந்த அறையை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னார்கள். சீட்டுப் போடாதவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு தங்கச்சி அண்ணனிடம், "நீ போடுவேன்னு நானும், நான் போடுவேன்னு நீயும் இருந்து அம்மாவ அங்கயே விட்டுட்டோம்" என்று தெருவில் நின்று சண்டை போட்டாள்.

பதினேழாவதாக, திங்கள் சாயங்காலம், பக்கத்து வீட்டு லெத்தீசியா மாமியின் மகன் கிளாடியுஸ் வந்தான். பத்தொன்பது வயதில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன், மாமி மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த அவன் போர்வையை மடித்துக்கொண்டே படியிறங்கி வந்தானாம். ஐம்பத்து நான்காவதாக, செவ்வாய் மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு, ரெமிஜியுஸ் வந்தார். டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகியிருந்தார். என் மகள் பிளாவியா, நான்கு வயது, ஒரு வருடமாக அப்பா முகத்தைப் போட்டோவில் மட்டுமே பார்த்தவள், அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "பின்னாடியும் இருக்காவளே" என்றாள்.

மாலை மூன்றே முக்காலுக்கு அறுபத்தொன்றாவது ஆள், ஸ்தனிஸ்லாஸ், வந்தார். திரை அறுபத்தொன்றில் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

வந்தவர்கள் யாருக்கும் தொந்தரவு இல்லை. காப்பி கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்திருப்பார்கள், குடிக்க மாட்டார்கள், ஆறியபிறகு கீழே வைப்பார்கள். உயிரோடு இருந்தபோது சொன்னதைத்தான் சொல்வார்கள், புதிதாக ஒரு வார்த்தை வராது. அகுஸ்தீன் தாத்தா அரசியல்வாதிகளை அதே வரிசையில் திட்டினார். ரெமிஜியுஸ் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா செலின்" என்றார், "நாளைக்கு மாத்திடுதேன்" என்றார். பங்குக் குருவான கஸ்பார் சாமியார் மட்டும் தவித்தார். பூசைக்கு அறுபத்தொரு பேரும் வந்து நன்மை அப்பம் வாங்க வரிசையில் நின்றார்கள், "இவங்களுக்காகப் பூசை வெக்கிறதா, இவங்களுக்கே நன்மை குடுக்கிறதா, ஆயர்கிட்ட எப்படி நான் எழுதிக் கேக்கது" என்று கோயில் அலுவலகத்தில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போகக்கூடாது, பென்டிரைவை உருவக்கூடாது என்று திரையிலேயே எழுதியிருந்ததால், தெரு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. கோயில் இன்வெர்ட்டரைத் தூக்கிவந்து என் வீட்டில் வைத்து, கரண்ட் ஒரு நொடிகூட அறாதபடி வயரோடு வயர் ஒட்டி லேப்டாப்பை அதில் மாட்டினார்கள். பெண்கள் முறைபோட்டுக்கொண்டு மேசையருகே காவல் இருந்தார்கள், ஜெபமாலை உருட்டினார்கள், பூண்டு உரித்தார்கள். பகல் முறை லெத்தீசியா மாமிக்கு. "நீ நடமாடுத வீடு, பிள்ள இருக்குத வீடு, கால்ல வயர் தட்டிரும்" என்று என் வீட்டிலேயே என்னை மேசைப் பக்கம் விட மாட்டார். எனக்கும் அப்போது கோபமில்லை. அந்தப் பத்து நாள் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ரெமிஜியுஸ் சட்டையை மறுபடி துவைத்தேன்.

பிறகு அங்கன்வாடியில் எடை பார்க்கிற நாள் வந்தது.

"போன மாசம் பதினாலு கிலோ. இப்ப ஒம்பதே கால்" என்றார் டீச்சர். தராசு தப்பென்று வேறு பிள்ளையை ஏற்றிப் பார்த்தார், சரியாகக் காட்டியது. பிளாவியாவின் கன்னம் அப்படியே இருந்தது, கை அப்படியே இருந்தது, கொலுசு தளரவில்லை. "என்னத்தம்மா குடுக்க பிள்ளைக்கி?" என்றார். நான் அவளைத் தூக்கினேன். அன்றாடம் தூக்குகிற கைக்குத் தெரியவில்லை, எண்ணைக் கேட்டபிறகு தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பள்ளிக்கூடத்துப் படியிலிருந்து குதித்துக் காட்டினாள். "அம்மா, நான் மெதுவா எறங்குதேன் பாரு." இறங்க நேரமானது.

அதன்பிறகு தெருவில் ஒவ்வொருவரையும் பார்க்க ஆரம்பித்தேன். லெத்தீசியா மாமி கடற்கரை மணலில் நடந்தால் தடம் பதியவில்லை. அகுஸ்தீன் தாத்தாவின் மூத்த மகன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் டயர் அமுங்கவில்லை. இளைய மகனுக்கு ஒன்றுமில்லை. ஏன் மூத்தவனுக்கு மட்டும் என்று யோசித்துக்கொண்டே மீன் கழுவும்போதுதான் பட்டியலின் கடைசிக் கட்டம் கண்முன் வந்தது: ஒப்புக்கொடுப்பவர். சீட்டில் யார் பெயர் எழுதியிருந்ததோ அவர்களிடமிருந்துதான் வந்தவர்கள் கனத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள், காப்பியிலிருந்து அல்ல.

மாமியிடம் சொன்னேன். "அதான் முழங்கால் வலி போயிட்டா? நல்லதாப் போச்சி" என்று சிரித்தார். "எண்பது கிலோ வெச்சி நான் என்னத்தட்டி செய்யப்போறேன், எடுத்துக்கிட்டும், எம்புள்ளதான?" தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பெரியவர்கள், கனம் இருந்தது, கொடுத்தார்கள். காற்றடிக்கிற நாளில் பையில் கல் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள், அதைப் பற்றிக் கேலிகூடப் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் ரெமிஜியுஸ் சீட்டில் நான் என் பெயரை எழுதவில்லை. மைக்கில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் ஒருமுறை கேட்கட்டும் என்று ஆசைப்பட்டு, பிளாவியா என்று எழுதியிருந்தேன்.

அவளுக்குப் பாவாடை மடிப்பில் கல்லுப்பு பாக்கெட்டை வைத்துத் தைத்தேன். ஊஞ்சலில் உட்கார விடவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். தூங்கும்போது என் முந்தானையால் அவள் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டினேன். ரெமிஜியுஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, "இவ ஒன்ன மாதிரிதான் செலின்" என்றார், அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சொன்னது.

அக்டோபர் முப்பதாம் தேதி அவள் ஆறு கிலோ இருந்தாள். ஜெரோம் அண்ணன் கடைக்கு ஓடினேன். பட்டியலில் பெயரை மட்டும் மாற்ற முடியாதா, அவளை எடுத்துவிட்டு என்னைப் போட முடியாதா என்று கேட்டேன்.

"உள்ள ஏறிட்டும்மா. இனி ஒண்ணும் திருத்த முடியாது" என்றார். "காலி பென்டிரைவ போட்டு முதல்ல இருந்து ஏத்தணும். இருவது நிமிசம். ஆனா அதுலயும் பாதில கரண்ட் போச்சின்னா போர்டு செத்துரும், அப்புறம் யாராலயும் முடியாது."

"முதல்ல இருந்து ஏத்துனா, வந்தவங்க?"

அவர் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஸ்டூலில் அவர் அம்மா செசிலி, எண் இருபத்தாறு, உட்கார்ந்திருந்தார். "மழை வரும்போல இருக்கி ஜெரோமு" என்றார். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, ஷோகேசிலிருந்து புது பென்டிரைவ் ஒன்றை உறை கிழித்து எடுத்தார், கம்ப்யூட்டரில் செருகி ஃபார்மட் செய்தார், காலியாக இருந்ததையே ஃபார்மட் செய்தார், பயாஸ் ஃபைலை மட்டும் போட்டு என் கையில் கொடுத்தார். "எந்நேரம்னு என்கிட்ட சொல்லாத" என்றார்.

கல்லறைத் திருநாளன்று மாலை நான்கு மணிக்குத் தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனது, வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு. தங்கள் கல்லறைக்குத் தாங்களே மாலையும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு அவர்கள் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அகுஸ்தீன் தாத்தா மார்பிளில் தன் பெயர் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க எல்லோருக்கும் முன்னால் போனார். அங்கே மைக் செட்டுக்கு இன்வெர்ட்டர் வேண்டுமென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், லேப்டாப்பை அதேபோல் கரண்ட் அறாமல் மறுபடி சுவர் பிளக்குக்கு மாற்றி ஞானப்பாட்டுப் புத்தகத்தை முட்டுக்கொடுத்திருந்தார்கள். காவலுக்கு லெத்தீசியா மாமி மட்டும் இருந்தார். ரெமிஜியுஸ் உள்ளறையில் இருந்தார். கிளாடியுஸும் போகவில்லை, உயிரோடு இருந்தபோதே அவன் கல்லறைத் தோட்டத்துக்கு வர மாட்டான்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு பென்டிரைவோடு மேசையருகே வந்தேன். மாமி எழுந்து குறுக்கே நின்றார்.

"ஏட்டி, ஒம் புருசனும்தான வந்துருக்கான்."

"ஆமா மாமி."

"அவன மறுபடி அனுப்பப் போறியா?"

பிளாவியாவின் பாவாடை மடிப்பிலிருந்து உப்பு பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிட்டு அவளை மாமி கையில் கொடுத்தேன். மாமி பிள்ளையைத் தூக்கிப் பழகிய பலத்தோடு வாங்கினார், வாங்கிய வேகத்தில் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டது. பிளாவியா மேலேயிருந்து சிரித்தாள். மாமி அவளை மெல்ல இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"இருவது நிமிசம்."

"இப்பதான் அவனுக்குக் காப்பி குடுத்துட்டு வந்தேன்" என்றார். "அது ஆறட்டும். பெறவு அமுக்கு." பிள்ளையை என் மடியில் உட்கார வைத்து, உப்பு பாக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, தன் வீட்டுக்குப் போனார்.

ஒரு தம்ளர் காப்பி ஆறுகிற நேரம் எவ்வளவு என்று எனக்கு அன்று தெரிந்தது. நான் பழைய பென்டிரைவை உருவினேன், திரை இருண்டது. காலியானதைச் செருகினேன், இரண்டு பட்டன்களைப் பிடித்தபடி பவரை அழுத்தினேன். ஒன்று என்று வந்தது. இரண்டு என்று வந்தது. இந்த முறை வேகமாக ஏறியது. ஆறில் கல்லறைத் தோட்டப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்து அடங்கியது, பதினொன்றில் மைக் நின்றது. பதினேழில் பக்கத்து வீட்டில் தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

நாற்பதில் முட்டுக்கொடுத்திருந்த புத்தகம் நழுவி விழுந்தது.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பிளாவியா என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள், கையை எடுத்தால் அவள் மேலே மிதந்துவிடுவாள், அத்தனை லேசு. எட்டிப் பிடிக்க எனக்குக் கை எட்டவில்லை. அப்போது ரெமிஜியுஸ் வந்தார். சுவரோரம் குந்தினார், கட்டைவிரலை பிளக்கில் வைத்து அழுத்தினார். திரை நின்றது. நாற்பத்தொன்று என்றது.

"நாளைக்கு மாத்திடுதேன்" என்றார்.

தெரிந்து செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்தேன், நகத்தில் வயர் சீவிய பழைய வெட்டு இருந்தது. ஐம்பது. ஐம்பத்தொன்று. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவரிடம் புதிதாகச் சொன்னால் கேட்குமா என்றும் தெரியவில்லை. "சாப்பிட்டியா செலின்" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

ஐம்பத்து நான்கு வந்தது. சுவரோரம் யாரும் இல்லை.

என் தொடை மேல் பதினான்கு கிலோ இறங்கியது, கிணற்றில் வாளி தண்ணீர் மொள்ளும்போது கயிறு இழுக்குமே, அந்த மாதிரி. உப்பு பாக்கெட் உருண்டு தரையில் விழுந்தது. நான் பிளக்கைப் பார்த்தபடியே இருந்தேன். அது விழவில்லை. பிடிக்க ஆளில்லாமல், முட்டில்லாமல், சுவரோடு அழுந்தி நின்றது, எழுபதிலும் நின்றது, எண்பத்தைந்திலும் நின்றது, அதைச் சுற்றிச் சுவரின் சுண்ணாம்பு மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. நூறு வந்தது. லேப்டாப் தானே ஒருமுறை அணைந்து எரிந்து, இன்றைய தேதி என்ன என்று கேட்டது. நான் ஒரு கையால் டைப் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு பிளக் நழுவித் தரையில் விழுந்தது.

தெரு தனியாகத் திரும்பி வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு பேசவுமில்லை. அவர்கள் நடக்கிற சத்தம் கேட்டது, மணலில் தடம் பதிந்தது, லெத்தீசியா மாமி முழங்காலைப் பிடித்தபடி படியேறினார். அடுத்த ஞாயிறு கஸ்பார் சாமியார் பட்டியல் வாசிக்கவே இல்லையே என்று வருத்தப்பட்டார். பழைய பென்டிரைவை யாரும் எதிலும் செருகத் தயாராக இல்லை. நான் மைக் முன்னால் போய் அறுபத்தொரு பெயரையும் மனப்பாடமாகச் சொன்னேன், ஒப்புக்கொடுத்தவர் பெயரோடு. ஐம்பத்து நான்காவதில் என் பெயரைச் சொன்னேன்.

இப்போது வாரம் ஒருமுறை அங்கன்வாடித் தராசில் பிளாவியாவை ஏற்றிப் பார்க்கிறேன், அவள் இறங்கியதும் நானும் ஏறிப் பார்க்கிறேன். அவள் மடியில் தூங்கினால் கால் மரத்துப்போகிறது, எடுப்பதில்லை.

பிளக் பாயிண்ட்டை வந்து மாற்றித் தருகிறேன் என்று ஜெரோம் அண்ணன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நாளைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.